கோடைக்கு ஒரு புது பேஸ்பால் அணி: கிரிக்கெட் மட்டுமே ஆடிய அப்பா கோச் ஆகலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: நியூஜெர்சியில் உங்கள் டவுன்ஷிப் ரெக் லீக் (எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் ஊர் லீக்) ஜூன் நடுவில் முடிந்துவிடுகிறது. ஆல்ஸ்டார் அணியிலும், தேர்வு வைத்து ஆள் எடுத்து ஊர் ஊராகப் போய் ஆடும் ட்ராவல் அணிகளிலும் இடம் கிடைக்காத 12, 13 வயதுப் பையன்கள் ஒரு டஜன் பேர் அதன்பிறகு ஆட்டம் இல்லாமல் இருக்கிறார்கள், உங்கள் மகன் உட்பட. அவர்களை வைத்து அடுத்த கோடைக்கு ஓர் அணி தொடங்கலாமா, எங்கிருந்து ஆரம்பிப்பது, கல்லூரி வரை கிரிக்கெட் மட்டுமே ஆடிய நீங்கள் கோச்சாக நிற்க முடியுமா என்று கேட்கிறீர்கள். கடைசியாக, மகனைப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஆக்கினால் அவனுக்கு ஆர்வம் கூடும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. அணி யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். இடம் கிடைக்காமல் போன அத்தனை பையன்களுக்காகவும் என்றால் தாராளமாகத் தொடங்குங்கள், கிரிக்கெட் பின்னணி ஒரு தடையே இல்லை. உங்கள் மகன் ஒருவனுக்காக என்றால், அவனுக்கு வாரம் ஒரு மணி நேரம் தனிப்பயிற்சி ஏற்பாடு செய்வது இதைவிட மலிவு, எல்லோருக்கும் நிம்மதியும்கூட. முதல் நோக்கம்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நானும் டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் வளர்ந்து, இங்கே வந்து, பிள்ளைகள் வழியாக பேஸ்பாலுக்குள் நுழைந்தவன்தான். மத்திய நியூஜெர்சியில் பல வருடங்களாக ரெக் லீக் அணிகளுக்கும் கோடை அணிகளுக்கும் கோச்சாக இருக்கிறேன். 14 வயதுக்கு மேற்பட்ட பையன்களை நான் பயிற்றுவித்ததில்லை. நான் மருத்துவரோ வழக்கறிஞரோ இல்லை. ஆகவே கை வலி பற்றியும் சட்டம் பற்றியும் கீழே வருவதை, அந்தத் துறைக்காரர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, தனியாகக் கடை போடாமல் ஏற்கெனவே இருக்கும் ஓர் அமைப்பின் கூரைக்குள் போவது. உங்கள் ஊர் லிட்டில் லீக், பேப் ரூத், கால் ரிப்கன், போனி என்று பிள்ளைகளுக்கான பேஸ்பால் அமைப்புகளில் ஏதாவது ஒன்றில் இணைந்திருக்கும். அந்த நிர்வாகக் குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போய், "கோடைக்கு ஓர் அணி கூடுதலாக நடத்துகிறோம், பொறுப்பை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். ஆள் கிடைக்காமல்தான் பெரும்பாலான ஊர்களில் இந்த வேலை நடப்பதில்லை. அவர்கள் ஒப்புக்கொண்டால் இன்சூரன்ஸ், மைதானம், கோச்சுகளின் பின்னணிச் சோதனை மூன்றும் ஒரே அடியில் தீரும். ஒப்புக்கொள்ளாவிட்டால்தான் தனி அணி. அப்போது பொதுப் பொறுப்புக் காப்பீடு நீங்களே எடுக்க வேண்டும். மைதானம் கேட்டால் டவுன்ஷிப் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். பெரும்பாலும் ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் கவரேஜ் இருக்க வேண்டும், அதில் டவுன்ஷிப்பின் பெயரும் காப்பீடு பெற்றவராகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பார்கள். மைதான ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, கோடைக்கான அனுமதியைக் குளிர்காலத்திலேயே கேட்டு வாங்குகிறவர்கள்தான் நல்ல நேரங்களைப் பிடிக்கிறார்கள். மே மாதம் போய் நின்றால் சனிக்கிழமை மதியம் 2 மணி, நிழலே இல்லாத மைதானம்தான் மிச்சம் இருக்கும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லீக் நுழைவுக் கட்டணம், அம்பயர்கள், பந்துகள், சட்டை தொப்பி, காப்பீடு இவ்வளவுதான் பெரிய இனங்கள். மொத்தத்தைத் தலைக்கு வகுத்து, ஒருவரால் கட்ட முடியாமல் போனாலும் அணி ஓடும்படி கொஞ்சம் கூட்டி வசூலியுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் மட்டும் பணத்தை வாங்காதீர்கள். ஐஆர்எஸ் (அமெரிக்க வருமானவரித் துறை) தளத்தில் ஈஐஎன் எனும் வரி அடையாள எண் இலவசமாகவே கிடைக்கும், அதை வைத்து அணியின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. அணியை லாப நோக்கமற்ற அமைப்பாக நடத்த நினைத்தால், ஆண்டு வரவு வழக்கமாக 5,000 டாலருக்குள் இருக்கும் சின்ன அமைப்புகள் வரிவிலக்குக்காக ஃபார்ம் 1023 போட வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் ஒரு சிபிஏவிடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மைதானத்தின் அளவு. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். கிரிக்கெட்டில் எட்டு வயதுப் பையனும் டெஸ்ட் வீரரும் 22 கஜத்தில் ஆடலாம், பேஸ்பாலில் வயதோடு மைதானம் வளரும். லிட்டில் லீகில் 12 வயதுக்காரர்கள் பொதுவாக ஆடும் மைதானத்தில் பேஸுக்கு பேஸ் (ரன் எடுக்க ஓடி மிதிக்கும் முனைகள்) 60 அடி, பிட்சர் நிற்பது பேட் செய்யும் இடத்திலிருந்து 46 அடியில். 13 வயதில் ஜூனியர் பிரிவுக்குப் போனால் அது 90 அடி, 60 அடி 6 அங்குலம் என்று பெரியவர்களின் அளவாகவே ஆகிவிடும். ஒரே வருடத்தில் இந்தத் தாவலைச் சமாளிக்க முடியாமல் ஆட்டத்தை விட்டுப் போகிற பையன்கள் நிறைய. ஷார்ட்ஸ்டாப்பில் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில்) நின்று அப்படி ஒருவன் எறிகிற பந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு முன்னால் இரண்டு முறை குத்திப் போகும், "எனக்குக் கை இல்லை" என்று அவனே முடிவு கட்டிவிடுவான். இடைப்பட்ட ஒரு பிரிவு இருக்கிறது: 50/70. பிட்சருக்கு 50 அடி, பேஸுக்கு 70 அடி. லிட்டில் லீகில் இதை இன்டர்மீடியட் என்பார்கள், 11 முதல் 13 வயது வரை ஆடலாம். உங்கள் பையன்களுக்கு அளவெடுத்துத் தைத்த பிரிவு இதுதான். 50/70 நடத்தும் கோடை லீக் பக்கத்து ஊரில் இருந்தால் அரை மணி நேரம் கார் ஓட்டிப் போவதில்கூட நஷ்டமில்லை. வயதைக் கணக்கிடும் தேதியையும் கவனியுங்கள். லிட்டில் லீகில் ஆகஸ்ட் 31 அன்று என்ன வயது என்று பார்ப்பார்கள், பல ட்ராவல் போட்டிகளில் ஏப்ரல் 30. மே மாதம் பிறந்த பையன் ஓர் இடத்தில் 13, இன்னோர் இடத்தில் 12. பெயர்ப்பட்டியல் எழுதுவதற்கு முன்பே பிறந்த தேதிகளை வாங்கிவிடுங்கள்.

பேட் வாங்குவதற்கு முன்னும் லீக் விதியைப் படியுங்கள். 2018 ஜனவரி முதல் லிட்டில் லீக் போன்ற அமைப்புகளில் "யுஎஸ்ஏ பேஸ்பால்" முத்திரை உள்ள பேட்தான் பொதுவாகச் செல்லும் (50/70இலும் ஜூனியரிலும் ஹைஸ்கூல் தரமான பிபிசிஓஆர் முத்திரையும் செல்லும்). ட்ராவல் போட்டிகள் பலவற்றில் "யுஎஸ்எஸ்எஸ்ஏ" என்ற வேறோர் அமைப்பின் முத்திரை பேட் ஓடும், ஆனால் அதே பேட்டை லிட்டில் லீக் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தால் அம்பயர் ஓரமாக வைக்கச் சொல்லிவிடுவார். அப்பாக்கள் முந்நூறு டாலர் கொடுத்து வாங்கிவிட்டு மைதானத்தில் வந்து தெரிந்துகொள்வதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். அணிக்குப் பொதுவாக இரண்டு மூன்று பேட் இருந்தாலே போதும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அணியே வாங்க வேண்டிய ஒன்று எல்-ஸ்க்ரீன். நீங்கள் பேட்டிங் பயிற்சிக்குப் பந்து எறியும்போது முன்னால் நிற்கும் எல் வடிவ வலை அது. 35 அடியிலிருந்து எறிந்து, திரும்பி வரும் பந்து உங்கள் முகத்துக்கு வர அரை நொடிகூட ஆகாது. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

எத்தனை பேர் வேண்டும்? ஆடுகிறவர்கள் 9, பட்டியலில் 12 போதும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நம் குடும்பங்கள் பாதிக்கு மேல் இருக்கிற அணி என்றால் 14 என்று நான் சொல்வேன். ஜூலையில் மூன்று வாரம் சென்னை, மதுரை என்று யாராவது கிளம்பிக்கொண்டேதான் இருப்பார்கள். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகிற பிள்ளையிடம் பேஸ்பாலுக்காக இரு என்று சொல்லக் கூடாது, சொல்லவும் வேண்டாம். ஏப்ரலிலேயே எல்லோரிடமும் பயணத் தேதிகளை வாங்கி ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எந்த வாரம் 9 பேர்கூடத் தேறாது என்பது அப்போதே தெரியும், அந்த வாரம் ஆட்டம் வேண்டாம் என்று லீகிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம். பெற்றோர் கூட்டம் ஒன்று கட்டாயம் வையுங்கள். அதில் பேச வேண்டியது நான்கே விஷயம்: எல்லாப் பையன்களும் ஒவ்வோர் ஆட்டத்திலும் களத்தில் நிற்பார்கள், எல்லோரும் வரிசையாக பேட் செய்வார்கள், பந்து வீசப்படும்போது வேலிக்கு வெளியிலிருந்து யாரும் யோசனை கத்தக் கூடாது, ஆட்டம் முடிந்த அன்று இரவு கோச்சிடம் அதைப் பற்றிப் பேச வரக் கூடாது. கடைசி விதி கோச்சையும் காப்பாற்றும், பெற்றோரையும் காப்பாற்றும். ஒரு நாள் கழித்து வரும் புகாரில் பாதி சூடு இருக்காது.

இனி நீங்கள் கோச்சாக நிற்க முடியுமா என்ற கேள்வி. முடியும். கிரிக்கெட்டிலிருந்து உங்கள் கையோடு வருவது நிறைய: உயரமான கேட்சை எப்படிக் கணிப்பது, பந்துக்குக் குறுக்கே உடம்பைக் கொண்டுவருவது, ஓட்டத்தை அழைத்து எடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்த பந்துக்காகப் பொறுமையாகக் காத்திருப்பது. வராதவையும் சில உண்டு, அவற்றை நீங்களே முதலில் உங்கள் உடம்பிலிருந்து இறக்க வேண்டும். கிரிக்கெட்டில் நல்ல பந்தை விட்டுவிடுவதற்குத் தண்டனை இல்லை. இங்கே ஸ்ட்ரைக் ஸோனுக்குள் (பேட்ஸ்மேனின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில், ஹோம் பிளேட்டுக்கு மேலே) வரும் பந்தை மூன்று முறை விட்டால் அவுட். நம் வீட்டுப் பிள்ளைகள் டக்அவுட்டுக்குத் திரும்பும்போது "நல்லா விட்டேனே" என்கிற முகத்தோடு வருவதற்குக் காரணம் இதுதான். ஸ்டம்ப் பக்கம் வராத பந்தை ஆட வேண்டாம் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருப்பார். ஓடுவதும் அப்படியே. ஒரு சீசனின் முதல் வாரம், ஒரு பையன் பந்தை நன்றாகவே அடித்தான். பேட்டைக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடினான். பேஸ் நெருங்கியதும் குனிந்து, கையை முழுசாக நீட்டி, பேட்டின் நுனியை வெள்ளைப் பையில் தேய்த்து நின்றான், வாசலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த பிள்ளை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. இங்கே பேட்டைப் பக்கத்தில் போட்டுவிட்டு ஓட வேண்டும் (தூக்கி எறிந்தால் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்காரும் கேட்சரின் முழங்காலில் படும்), ஃபர்ஸ்ட் பேஸை மிதித்த வேகத்திலேயே தாண்டி ஓடலாம், செகண்டிலும் தேர்டிலும் அப்படித் தாண்டினால் பந்தால் தொட்டு (டேக்) அவுட் ஆக்கிவிடுவார்கள். அடித்த பந்து ஃபேராக (ஆட்டக் கோடுகளுக்குள்) உருண்டால் ஓடித்தான் ஆக வேண்டும், "வேண்டாம்" என்று கையைக் காட்டி நிற்க முடியாது. இந்த நான்கு விஷயத்தையும் பயிற்சியில் வெறும் கையோடு பேஸ் சுற்றி ஓடவிட்டே பழக்கிவிடலாம்.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கப்போவது பிட்சிங், கேட்சிங் இரண்டும். அதற்கு ஹைஸ்கூலிலோ கல்லூரியிலோ ஆடிய ஒருவரை உதவி கோச்சாகப் பிடியுங்கள். அணியிலுள்ள ஏதாவது ஒரு பையனின் அப்பாவோ மாமாவோ இருப்பார், அல்லது உங்கள் ஊர் ஹைஸ்கூல் அணியில் ஆடும் 17 வயதுப் பையன் சேவை மணி நேரத்துக்காக வருவான். பையன்கள் உங்கள் பேச்சைக் கேட்பதைவிட அவன் பேச்சை இரண்டு மடங்கு கேட்பார்கள். அவனிடம் ஆட்டத்தின் நுணுக்கத்தை விட்டுவிட்டு, நேரத்துக்குத் தொடங்குவது, எல்லோர் பெயரும் தெரிந்திருப்பது, யார் இன்று வாடியிருக்கிறான் என்று பார்ப்பது போன்றவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணி நிலைக்கிறதா என்பதை முடிவு செய்வது அதுதான். நியூஜெர்சியில் தன்னார்வக் கோச்சுகளுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் சுமார் மூன்று மணி நேரப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று நடத்துகிறது. அதை முடித்தவர்களுக்கு, கடும் அலட்சியம் இல்லாத பட்சத்தில், மாநிலச் சட்டப்படி சிவில் வழக்குகளிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. இருவரும் சேர்ந்தே போய் உட்காருங்கள். சிடிசியின் (அமெரிக்க நோய்த்தடுப்பு மையம்) தலைக்காயம் பற்றிய "ஹெட்ஸ் அப்" வகுப்பு இணையத்தில் இலவசம், அதையும் முடித்துவிடுங்கள்.

பயிற்சி வாரம் இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போதும். ஒருவன் பேட் செய்ய பதினொரு பேர் வெயிலில் நிற்பதைப் பயிற்சி என்று சொல்லக் கூடாது. மூன்று குழுவாகப் பிரித்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பாதி நேரம் எறிவதும் பிடிப்பதும்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வயதில், இந்த நிலையில், ரன் வருவது பெரும்பாலும் அடியால் இல்லை. வாக்கும் (ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே நான்கு பந்து வீசினால் கிடைக்கும் இலவச பேஸ்) தப்பெறியும்தான் ரன் கொடுக்கின்றன. கிளவ் புதிதாக மாட்டும் பையனைக் கவனித்துப் பாருங்கள். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்கும் விரலைக் கீழே காட்டி, கூடை ஏந்துவது போலப் பிடிக்கப் பார்ப்பான், பந்து மணிக்கட்டில் பட்டு முகத்துக்கு எகிறும், அன்றோடு பயம் உட்கார்ந்துவிடும். இடுப்புக்கு மேலே வந்தால் விரல் வானத்தைப் பார்க்கட்டும், கீழே வந்தால் தரையைப் பார்க்கட்டும். இதை டென்னிஸ் பந்தில், கிளவ் இல்லாமல் வெறும் இடது கையால் முதலில் பழக்குங்கள். எறியும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே, கட்டைவிரல் அடியில். எறிகிற கையின் முழங்கை தோள் மட்டத்துக்கு வரட்டும், முன்கால் இலக்கை நோக்கி இறங்கட்டும். ஜோடியாக நின்று எறிவதை ஆட்டமாகவே வைத்துவிடுங்கள்: நெஞ்சுக்கு நேராக வந்தால் இரண்டு புள்ளி, நகர்ந்து பிடிக்கும்படி வந்தால் ஒன்று, முதலில் 21 எடுத்தவர் ஜெயித்தார். அப்புறம் பையன்களே பயிற்சிக்கு முன்னால் வந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். களத்தில் முடிவெடுப்பதற்கு முதல் சீசனில் இரண்டே பாடம்: கிட்டத்தில் கிடைக்கும் நிச்சயமான அவுட்டை எடு, அவுட் இல்லை என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பிட்சரிடம் ஓடு. பாய்ந்து போகும் ரன்னரைப் பார்த்துப் பதறி எறிவதால்தான் ஒரு பேஸ் மூன்றாகிறது. பேட்டிங்கில் என்ன சொல்லிக்கொடுப்பது என்பதில் கோச்சுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மட்டமாக வெட்ட வேண்டும் என்பார் ஒருவர், மேல்நோக்கி வீச வேண்டும் என்பார் இன்னொருவர். 12 வயதில் சமநிலையோடு நிற்கவும், நல்ல பந்தைப் பயமில்லாமல் முழு வேகத்தில் வீசவும் பழகினால் போதும் என்று நான் நிறுத்திக்கொள்கிறேன்.

பிட்சிங்குக்கு வருகிறேன், இதில்தான் நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட "பிட்ச் ஸ்மார்ட்" வழிகாட்டுதல்படி, ஒரு நாளில் 11, 12 வயதுக்கு அதிகபட்சம் 85 பந்து, 13, 14 வயதுக்கு 95. எறிந்ததற்கு ஏற்ப ஓய்வு: 20 பந்து வரை மறுநாளே எறியலாம், 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று, 66 ஆகிவிட்டால் நான்கு. அதிகபட்சம் என்பது இலக்கு இல்லை. ஏப்ரலில் தொடங்கிய பையனின் கை ஜூலையில் வேறு. புது அணிக்கு நான் வைக்கும் எல்லை 35. அங்கே நிறுத்தினால் ஒரே நாள் ஓய்வில் மறுபடி ஆள் கிடைக்கும் என்ற வசதியும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 50/70 ஆட்டம் 7 இன்னிங்ஸ் (எதிரணியின் மூன்று அவுட் விழும்வரை வீசுவது ஓர் இன்னிங்ஸ்), இந்த நிலையில் ஓர் இன்னிங்ஸுக்குப் பதினேழு பந்து என்று வைத்தாலும் 120 பந்து ஆகிறது. ஆளுக்கு 35 என்றால் ஓர் ஆட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். வாரம் இரண்டு ஆட்டம் என்றால் ஆறேழு பேராவது ஸ்ட்ரைக் வீசத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஆகவே மார்ச்சிலேயே எல்லோரையும் மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மேடு) ஏற்றிப் பாருங்கள். வேகம் எறிகிறவனைத் தேடாதீர்கள், பத்தில் ஆறு பந்து ஸ்ட்ரைக் போடுகிறவனைத் தேடுங்கள். பந்து எண்ணுவதற்கென்றே ஒரு பெற்றோரை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நியமியுங்கள், கேம்சேஞ்சர் செயலியே போதும். பிட்ச் செய்தவனையே கேட்சராக உட்கார வைக்காதீர்கள். லிட்டில் லீகில் 41 பந்து எறிந்தவன் அன்று கேட்ச் செய்யக் கூடாது, நான்கு இன்னிங்ஸ் கேட்ச் செய்தவன் அன்று பிட்ச் செய்யக் கூடாது.

எது உறுதி, எது சந்தேகம் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான். அதிகம் எறிவதும் களைத்த கையோடு எறிவதும் முழங்கையையும் தோளையும் கெடுக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருக்கும் அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட் ஆய்வாளர்கள் 9 முதல் 14 வயது வரையிலான 481 பிட்சர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2011இல் எழுதினார்கள்: ஏதாவது ஒரு வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.5 மடங்கு. அதே குழுவின் 2006 ஆய்வில், களைப்போடு எறிவதை வழக்கமாக வைத்திருந்தவர்களுக்கு அறுவைசிகிச்சை வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு என்று வந்தது. இரண்டாவது, அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டுப் பின்னோக்கிப் பார்த்த சின்ன ஆய்வு, அந்த 36ஐக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டாம், திசை மட்டும் தெளிவு. சந்தேகத்தில் இருப்பது கர்வ்பால் (வளைந்து விழும் பந்து). சின்ன வயதில் கர்வ்பால் எறிந்தால் கை போய்விடும் என்று எல்லா வேலியோரத்திலும் சொல்வார்கள். ஆய்வுகளில் அது அவ்வளவு உறுதியாக நிரூபணம் ஆகவில்லை, கர்வ்பால் முழங்கையில் தரும் அழுத்தம் வேகப்பந்தைவிட அதிகமில்லை என்றே அளவீடுகள் காட்டியிருக்கின்றன. இருந்தும் என் அணியில் அதை நான் சொல்லித் தருவதில்லை. வேகப்பந்தும் சேஞ்ச்அப்பும் (வேகம் குறைத்து வீசும் பந்து) ஸ்ட்ரைக்காக விழ ஆரம்பிக்காத பையனுக்கு மூன்றாவது பந்தால் ஒரு பயனும் இல்லை. முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னால் விவாதமே வேண்டாம். அந்த வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அன்றே எறிவதை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். ஐஸ் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வா என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

ஆட்ட நாளில் செய்ய வேண்டியது சுருக்கமாக. யார் எந்த இன்னிங்ஸில் எங்கே என்பதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், மைதானத்தில் யோசித்தால் மெதுவாக இருக்கும் பையன் மறுபடி பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டுக்கே போவான். ஒவ்வொருவனுக்கும் ஓர் இன்னிங்ஸாவது இன்ஃபீல்டு (பேஸ்களை ஒட்டிய இடம்). பயந்த கைகளை மட்டும் ஃபர்ஸ்ட் பேஸிலோ பிட்சர் இடத்திலோ வைக்காதீர்கள், அங்கே அடிபடும் ஆபத்து உண்மையானது. இடி கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கலாம். டக்அவுட் பாதுகாப்பான இடம் இல்லை, எல்லோரும் காருக்குள். மைதானத்தில் ஏஇடி (நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் இயக்கும் கருவி) எங்கே இருக்கிறது, அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பந்து நெஞ்சில் பட்டு இதயம் நிற்பது அரிது, நடந்தால் நிமிடங்களில் முடிவாகிவிடும். எந்தப் பையனோடும் எந்தப் பெரியவரும் தனியாக இருக்க நேராதபடி எப்போதும் இரண்டு பேர் இருங்கள். ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கொடுமை நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் அதைப் புகாரளிக்கும் கடமை நியூஜெர்சியில் ஒவ்வொருவருக்கும் உண்டு.

உங்கள் மகனைப் பற்றி. அவனும் மற்றவர்களோடு வரிசையில் நின்று மவுண்டில் ஏறட்டும், ஸ்ட்ரைக் விழுந்தால் வீசட்டும். ஆனால் முதல் ஆட்டத்தை அவனை வைத்துத் தொடங்காதீர்கள். பன்னிரண்டு குடும்பங்கள் அன்று பார்க்கும் முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அவன் பந்துகளை நீங்கள் எண்ண வேண்டாம், அவனை எப்போது மாற்றுவது என்பதையும் உதவி கோச்சிடம் விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போகும் காரில் ஆட்டத்தைப் பற்றி அவன் கேட்டால் மட்டும் பேசுங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் சீசனை முடித்துவிடுங்கள், அதற்குமேல் பள்ளி தொடங்கும் பரபரப்பில் ஆள் சேராது. செப்டம்பரில் ஃபால் பால் (இலையுதிர் கால பேஸ்பால்) ஆடலாமா என்று உடனே கேட்பார்கள். ஆடலாம், ஆனால் வசந்தத்திலும் கோடையிலும் நிறைய வீசிய பையன்கள் இலையுதிர் காலத்தில் மவுண்டில் ஏற வேண்டாம், அவுட்ஃபீல்டோ ஃபர்ஸ்ட் பேஸோ ஆடட்டும். பிட்ச் ஸ்மார்ட் கணக்கில் 12 மாதத்துக்கு 11, 12 வயதுக்கு 80 இன்னிங்ஸ், 13, 14க்கு 100 இன்னிங்ஸ்தான் எல்லை, அதில் பள்ளி, ரெக், கோடை எல்லாம் சேர்த்தி. வருடத்தில் நான்கு மாதமாவது எறிவதிலிருந்து முழு ஓய்வு, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. நவம்பர் முதல் ஜனவரி வரை பந்தைத் தொட வேண்டாம் என்று பெற்றோர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பாஸ்கெட்பாலுக்கோ நீச்சலுக்கோ போகட்டும். அந்த மாதங்களில் நீங்கள் லீக் கூட்டத்துக்கும் மைதான அனுமதிக்கும் அலையலாம்.